படுத்தால் இளைக்கும் வியாதி

ஆம்புலன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு,

நோயாளிக்கு உள்ளே நடப்பது ஒன்று. அவர் மேல் வெளியே தெரிவது ஒன்று. உள்ளே நடப்பதை அவர் சொல்ல வேண்டும். வெளியே தெரிவதை நாம் பார்க்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதற்கு உங்களுக்குத் தனியாக மூன்று நாள் வகுப்பு வைத்தார்களாம். முதலாவதுக்கு உணர்குறி என்று பெயராம், இரண்டாவதுக்கு அறிகுறியாம். சுவரில் படம் காட்டினார்களாம். நடுவில் டீ, பிஸ்கட் உண்டாம். சந்தோஷம். எங்கள் காலத்தில் இதைத் தெரிந்துகொள்ள ஒரு பெண் செத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. டீ கிடையாது.

ஆவடியில் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம், பென்ஷன் வருகிறது. அதன் குவார்ட்டர்ஸுக்குள் ஒரு டிஸ்பென்சரி. அந்த டிஸ்பென்சரி வேனுக்கு நான் டிரைவர். எண்பதுகளில் சேர்ந்தேன். படிப்பு ஐந்தாவது. வண்டி ஓடாத நேரத்தில் டோக்கன் கூப்பிடுவதும் என் வேலை. அதற்கு ஐந்தாவது போதும்.

டிஸ்பென்சரியை நடத்தியவர் கம்பவுண்டர். டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். கம்பவுண்டர் மட்டும் சுவரில் அடித்த ஆணி மாதிரி அங்கேயே இருந்தார். மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். நல்ல தொப்பை. நல்ல கண். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது அவர்தான், நான் கேட்காமலே.

"வாய் சொல்றத நம்பாத நைனா. கண்ணு காட்றத நம்பு. வாய்க்கு லீவு வோணும். ஒடம்புக்கு லீவு தெரியாது."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பூந்தமல்லியில் புதுப்படம் மாறினால் எங்கள் டிஸ்பென்சரியில் வயிற்றுவலி கூடும். சென்னீர்குப்பத்தில் யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் ஒரு டிபார்ட்மெண்ட் முழுக்க இடுப்பு பிடித்துக்கொள்ளும். தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று ஒருவர் வந்தார். கம்பவுண்டர் கேண்டீனிலிருந்து வந்த மசால் வடையை நீட்டினார். பேச்சுவாக்கில் அந்த மனிதர் இரண்டு வடை தின்றார்.

"தண்ணி மட்டும்தான் எறங்காதா அண்ணாத்தே?" என்றார் கம்பவுண்டர்.

வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு டிபார்ட்மெண்டுக்குப் போய்விட்டார்.

இன்னொரு நாள் கேண்டீன் மாஸ்டரே வந்தார். "ஒண்ணுமில்ல, வயித்துல கேஸு. ஒரு மாத்திரை குடு, போறேன்" என்றார். மின்விசிறிக்கு நேர் கீழே நின்றிருந்தார். சட்டை நனைந்திருந்தது. கம்பவுண்டர் மாத்திரை தரவில்லை. என்னைப் பார்த்து, "வண்டிய எடு" என்றார். நெஞ்சடைப்பு. மாஸ்டர் பிழைத்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் எங்களுக்கு அதே சாம்பாரை ஊற்றினார். அன்றிலிருந்து கம்பவுண்டர் சொன்னது எனக்கு வேதம். வாயை நம்பாதே, கண்ணை நம்பு.

இப்போது ஜெபமணி அம்மாள் கதைக்கு வருகிறேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு மாடிப்படிக்கு நாலு ஊர்த் தமிழ் இருந்தது. கீழ்வீடு ஆற்காடு, எதிர்வீடு தஞ்சாவூர், மாடியில் கோயம்புத்தூர், அதற்கு மேலே திருநெல்வேலி. ஜெபமணி அந்த மேல்வீடு. திருநெல்வேலிச் சீமையில் ஏதோ மிஷன் ஊர். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் சாமுவேல் எங்கள் தொழிற்சாலையில் ஃபிட்டர், பத்து வருஷமாக இந்தப் பக்கம் இருப்பவர். அவருக்குக் காலை ஷிப்ட் என்பதால் அந்த அம்மாள் எப்போதும் தனியாகத்தான் டிஸ்பென்சரிக்கு வருவார்.

முதல் தடவை வந்தபோது கம்பவுண்டர் வழக்கம்போலக் கேட்டார்.

"இன்னாமா ஒடம்புக்கு?"

"எளைக்கு அண்ணாச்சி."

கம்பவுண்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்த அம்மாள் சற்றுப் பருமன். முகம் உப்பலாக இருக்கும்.

"பூசினாப்ல சோக்காத்தானே கீறீங்க. எங்க எளைச்சீங்க?"

"வேலை செஞ்சா எளைக்கு."

"வேலை செஞ்சா எல்லாரும்தாமா எளைப்பாங்க. அதுக்குத்தான் நான் செய்றதில்ல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெபமணியும் கொஞ்சம் சிரித்தார், புது ஊரில் எல்லோரும் சிரிக்கும்போது சிரித்து வைப்பார்களே, அப்படி.

அவர் ஊரில் இளைக்கிறது என்றால் மூச்சு வாங்குகிறது. எங்கள் ஊரில் இளைக்கிறது என்றால் உடம்பு மெலிகிறது. மெலிவது அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது. மூச்சு வாங்குவது முதலில் தனக்குத் தெரிவது. ஒரே வார்த்தை, அவர் வாயில் உணர்குறியாகக் கிளம்பி எங்கள் காதில் அறிகுறியாக வந்து விழுந்தது. இன்றைக்கு எனக்கு இது தெரிகிறது. அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

டாக்டரம்மா வடக்கத்திக்காரர். நல்லவர். தமிழில் 'எங்கே நோவுது' என்பதும் 'நாக்கு நீட்டு' என்பதும் வரும். மற்றதெல்லாம் கம்பவுண்டர் இங்கிலீஷாக்கிச் சொல்ல வேண்டும். அவருடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட நாலு வார்த்தை கூடுதல்.

"கெட்டிங் தின், மேடம்" என்றார்.

"தின்?" என்றார் டாக்டரம்மா, நோயாளியை ஏற இறங்கப் பார்த்து.

ஜெபமணிக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்தது. அதாவது புரிந்ததாக நினைத்தார்.

"திங்கேன் டாக்டர். நல்லாத்தான் திங்கேன்."

டாக்டரம்மா குழாயை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தலைக்கு மேலே விசிறி கடகடவென்று ஓடியது. வெளியே டோக்கன் சண்டை. மெலிந்துவிட்டேன் என்று வந்திருக்கும் பருமனான பெண்ணிடம் எதைத் தேடுவது? சொல்வது ஒன்று, தெரிவது ஒன்று. இரண்டும் ஒத்துப் போகவில்லை. ஒத்துப் போகாவிட்டால் சொன்னவர் மேல்தான் சந்தேகம் வரும். புதுக் கல்யாணம், புது ஊர், அம்மா வீட்டு நினைப்பு என்று முடிவானது. டானிக் எழுதினார். எடை பார்த்து அனுப்பச் சொன்னார்.

அடுத்த வாரம் ஜெபமணி மறுபடி வந்தார்.

"எளப்பு கூடிட்டு அண்ணாச்சி."

"எளப்பு எப்படிமா கூடும்? மிஷின்ல ஏறுங்க."

முள் போன வாரத்தைவிட மேலே போய் நின்றது. கம்பவுண்டருக்குத் திருப்தி. டாக்டரம்மாவுக்கும் திருப்தி. டானிக் வேலை செய்கிறது. அதற்கு அடுத்த வாரம் இன்னும் ஏறியது. எங்கள் டிஸ்பென்சரி சரித்திரத்தில் எந்த டானிக்கும் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை. அதை யாரும் சந்தேகப்படவில்லை. நல்ல செய்தியை யார் சந்தேகப்படுவார்கள்?

ஏறியது சதை இல்லை, நீர். பிறகு சொன்னார்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது. செருப்பு வார் பாதத்தில் ஆழமாகப் பதிந்திருந்ததைக் கம்பவுண்டர் பார்த்தார். "செருப்பு சின்னதா வாங்கிட்டீங்கமா, மாத்திக்கங்க" என்று புத்திமதி சொன்னார். கேண்டீன் மாஸ்டரின் வேர்வையைப் பார்த்த அதே கண். அன்றைக்குக் கண்ணை நம்பினார். இன்றைக்கும் கண்ணைத்தான் நம்பினார். கண் பார்த்ததைக் காதில் விழுந்த வார்த்தை தப்பாகப் படித்துக் கொடுத்தது.

அந்த வாரம்தான் ஜெபமணி இன்னொன்றும் சொன்னார்.

"படுத்தா ரொம்ப எளைக்கு. உக்காந்தா பரவால்ல."

கம்பவுண்டர் தன் தொப்பையைத் தடவினார். என்னைக் கூப்பிட்டார்.

"நைனா, கேட்டுக்கோ. படுத்தா எளைக்குதாம். எனக்கு வராதா இந்த வியாதி?"

டிஸ்பென்சரி முழுக்க சிரித்தது. நாலைந்து நாள் அதுதான் எங்களுக்குப் பேச்சு. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தால், "எளைக்கப் போறியா?" என்று கேட்பார்கள். நாங்கள் சிரித்த அந்த நாட்களில் அந்த அம்மாள் ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். புருஷனிடம் சொன்னாராம். சாமுவேலுக்கு அந்த வார்த்தை புரியும். அவர் ஊர் வார்த்தை. டிஸ்பென்சரியில் மருந்து தருகிறார்கள், அது மூச்சுக்குத்தான் என்று அவர் நம்பினார். ஆக, புரிந்துகொண்ட மனிதர் டிஸ்பென்சரியில் இல்லை. டிஸ்பென்சரியில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. ஏற்பாடு கச்சிதம்.

ஒரு திங்கட்கிழமை முன்பகல் ஜெபமணி எடை மிஷினில் ஏறினார். முள் ஏறியது. அவரால் இறங்க முடியவில்லை. கம்பவுண்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். உதடு வெளுத்திருந்தது. டாக்டரம்மா எழுந்து வந்து பார்த்தார். இது நம்மால் ஆகாது என்று அவருக்குப் பட்டிருக்கிறது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். காரணம் என்ற இடத்தில், உடல் மெலிவு, பலவீனம். அவசரம் என்று எழுதவில்லை. மெலிவுக்கு என்ன அவசரம்?

வேனில் போகிற அட்டெண்டர் அன்றைக்கு லீவு. கம்பவுண்டரே பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பும்போது சேதி கேட்டுச் சாமுவேல் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"நானும் வாரேன்."

"ரூல் கெடையாது சார். சீட்டுல கூட வர்ற ஆளு பேரு இல்ல. நீங்க பஸ்ல வந்துருங்க" என்றார் கம்பவுண்டர்.

ரூல் படி இன்னொன்றும் உண்டு. நோயாளியை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துப் பட்டையைக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதையும் ஒழுங்காகச் செய்தார்.

தம்பிகளே, டிரைவருக்கு நோயாளி முகம் தெரியாது. முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அது வழியாகக் குரல் வரும். பார்வை ரோட்டில். உங்கள் வகுப்பு வாத்தியார் பாஷையில் சொன்னால், அறிகுறி எல்லாம் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு. டிரைவருக்குக் காதில் விழுவது மட்டும்.

காதில் விழுந்தது இது.

"படுக்க முடியல அண்ணாச்சி, படுத்தா எளைக்கு."

"ஒண்ணும் எளைக்க மாட்டீங்க. சும்மா படுங்கமா."

கொஞ்ச தூரம் போனதும், "அண்ணாச்சி, எளைக்கு."

"ரோடு குலுங்குதுமா. எழுந்துக்காதீங்க. விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?"

அதற்குப் பிறகு, "எளை..."

அதற்குப் பிறகு வார்த்தை இல்லை.

"அப்பிடித்தான். பேசாம படுத்துக்கினு வந்தா சரியாப்பூடும்" என்றார் கம்பவுண்டர். நோயாளி அமைதியாகிவிட்டார் என்று அவருக்கு நிம்மதி.

அந்த நேரம் அண்ணனூர்ப் பக்கம் ரயில்வே கேட் மூடிவிட்டது.

அந்த கேட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. இப்போது மேம்பாலம் என்கிறீர்கள். அப்போது அண்ணனூர் ஷெட்டுக்குள் காலி ரயில் போக வர கேட்டை மூடுவார்கள். காலி ரயிலுக்கு எங்கேயும் போக வேண்டிய அவசரம் இல்லை. வரும், நிற்கும், யோசிக்கும், பின்னால் போகும். ஆள் இல்லாத வண்டிக்கு வழிவிட்டு ஆள் இருக்கிற வண்டி எல்லாம் நிற்கும். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி. பின்னால் ஒரு பஸ். அதற்குப் பின்னால் வரிசையாகச் சைக்கிள்கள். நான் இன்ஜினை நிறுத்தினேன்.

கேட் மூடியதில் ஒரு நன்மை உண்டு. ஆம்புலன்ஸை சைக்கிள் பிடித்துவிடலாம்.

சாமுவேல் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. சைக்கிளிலேயே வந்துவிட்டார். பஸ்ஸுக்கும் வேலிக்கும் நடுவே நுழைந்து வந்து பின்கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு கதவைப் படபடவென்று தட்டினார்.

"ஐயா, யாரு அவள படுக்க வச்சது? உக்கார வைங்க. எளப்புக்காரிய இப்பிடிக் கெடத்தினா என்ன ஆவா?"

கம்பவுண்டர் கதவைத் திறந்தார். அப்போதும் அவருக்குப் பேச்சு குறையவில்லை.

"எளைச்சா மாரியா கீறாங்க? வாரத்துக்கு வாரம் எடை ஏறிக்கினே கீது சார். நான்தானே பாக்கறேன்."

சாமுவேல் அவரையே பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

"எளப்புன்னா மூச்சுய்யா. மூச்சு."

நான் இறங்கிப் பின்னால் போயிருந்தேன். கம்பவுண்டர் முகத்தை அப்போது பார்த்தேன். அந்த முகத்தைப் பற்றி எழுத எனக்குப் படிப்பு போதாது. அவர் ஜெபமணியைப் பார்த்தார். முதல் முறையாகப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மூக்கு நுனியும் நகமும் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தன. கழுத்து நரம்பு விம்மிக்கொண்டிருந்தது. மார்பு ஏறி இறங்கியது, காற்று மட்டும் போகவில்லை. எல்லாம் வெளியே தெரிந்தது. எல்லாம் அதுவரையும் அங்கேயேதான் இருந்தது.

பட்டையை அவிழ்த்தார். ஸ்ட்ரெச்சரில் தானும் ஏறி உட்கார்ந்து, அந்த அம்மாளைத் தூக்கி உட்கார வைத்து, தன் முதுகை அவர் முதுகுக்கு முட்டுக் கொடுத்தார். காலைத் தொங்கவிடச் சொன்னார். அந்தத் தொப்பை உடம்புக்கும் ஒரு பயன் இருந்தது. ஜெபமணிக்கு ஒரு மூச்சு உள்ளே போயிற்று. நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டோம்.

இனி என்ன செய்வது? சீட்டில் எழுதியிருப்பது பட்டணத்து ஆஸ்பத்திரி. அது கேட்டுக்கு அந்தப் பக்கம், அதற்கு மேலும் வெகுதூரம். சைரனைப் போட்டேன். லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தலீவா, பறக்கணுமா? நான் வோணா ரெக்க கட்டிக்கட்டா?"

கேட்மேனிடம் ஓடினேன். சிக்னல் விழுந்த பிறகு அவர் நினைத்தாலும் கேட்டைத் தூக்க முடியாது. அவர் ஏசவில்லை. கையை விரித்துக் காட்டினார். ரயில் தூரத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

கேட்டுக்கு இந்தப் பக்கமே, வந்த வழியில் திரும்பினால், கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. ஆக்ஸிஜன் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் அது எங்கள் நிர்வாகத்தின் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி. சீட்டில் இல்லாத இடத்துக்கு வண்டி போனால் டிரைவருக்கு மெமோ. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் மெமோவோடு நிற்காது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பளம் என்னுடையது மட்டும்.

காத்திருந்தால் என்மேல் தப்பு இல்லை. கேட் மூடியிருந்தது, ரயில் வரவில்லை, சீட்டில் அவசரம் என்று இல்லை. மூன்றும் உண்மை. அந்த அம்மாள் செத்திருந்தாலும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் வேலையில் ஆளைக் கொல்வதற்கு ரூலை மீற வேண்டியதில்லை.

ஜன்னல் வழியாகக் கம்பவுண்டரிடம் கேட்டேன். "சிஸ்டருங்க ஆஸ்பத்திரிக்குத் திருப்பட்டா?"

"சீட்டுல வேற பேரு கீது நைனா."

"கீது."

அவர் முதுகில் சாய்ந்திருந்த ஜெபமணி இன்னொரு மூச்சை இழுத்தார்.

"திருப்பு. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு" என்றார் கம்பவுண்டர்.

திருப்பு என்றால் திரும்பிவிடுமா? பின்னால் பஸ். சாமுவேல் பஸ் டிரைவரிடம் ஓடினார். என்ன சொன்னாரோ தெரியாது. கிண்டல் செய்த லாரிக்காரர் அதற்குள் இறங்கி வந்து வேனுக்குள் பார்த்தார். அவருக்கு டாக்டர் படிப்பும் இல்லை, எந்த ஊர் வார்த்தையும் தேவைப்படவில்லை. நேராகப் பின்னால் போனார்.

"டேய் மச்சான், பஸ்ஸ பின்னால எட்றா. சைக்கிள்லாம் ஓரம் போ. அண்ணாத்தே, வேடிக்க அப்பால பாத்துக்கலாம், நவுரு."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் பின்னால் போயிற்று. சைக்கிள்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆட்கள் வேலியோரம் ஏறினார்கள். நான் வண்டியை ஒடித்துத் திருப்பியபோது சாமுவேல் சைக்கிளைப் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறிவிட்டார். சீட்டில் அவர் பேர் இல்லை. யாரும் பார்க்கவில்லை.

சிஸ்டர் ஒருவர் வாசலுக்கே வந்தார். கேள்வி கேட்கவில்லை. சீட்டையும் கேட்கவில்லை. பார்த்தார். நிமிர்த்தி உட்கார வைத்த கட்டிலில் ஏற்றி, ஆக்ஸிஜன் வைத்து, உள்ளே இருந்த டாக்டரைக் கூப்பிட்டு, ஊசி போட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் கம்பவுண்டர் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லிச்சு பிள்ள?"

கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "எளைக்குதுன்னாங்க சிஸ்டர்."

"சரியாத்தான சொல்லியிருக்கு" என்றார் சிஸ்டர்.

அவர் தூத்துக்குடிக்காரராம். அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். கம்பவுண்டரை நான் பல பேர் ஏசிப் பார்த்திருக்கிறேன். யாரும் அவரை அப்படி அடித்ததில்லை.

ஊசி போட்ட பிறகு நீர் நீராகப் பிரிந்தது. ஜெபமணி பேசினார். இரண்டு நாள் கழித்து, கேட் திறந்திருந்த ஒரு நேரமாகப் பார்த்து, அவரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உட்கார வைத்து. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இருதயத்துக் கதவு ஒன்று சுருங்கிப் போயிருந்ததாம். அதுவும் ஒரு கேட்தான். மூடிக்கொண்டால் பின்னால் எல்லாம் தேங்கிவிடும். ஆபரேஷன் செய்தார்கள்.

எனக்கு மெமோ வந்தது. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்கு ஏன் போனாய்? கேட் மூடியிருந்தது என்று ஆள் வைத்து எழுதிக் கொடுத்தேன். கேட் ஏன் மூடியிருந்தது என்று இன்னொரு மெமோ வந்தது. ரயிலைக் கேளுங்கள் என்று எழுத வாய் வரைக்கும் வந்தது. எழுதவில்லை. கம்பவுண்டர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஆபீசில் போய், திருப்பச் சொன்னது நான் என்றார். அவருக்கும் ஒரு மெமோ கொடுத்தார்கள். டானிக் கம்பெனிக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு கம்பவுண்டர் என்னிடம் வாயை நம்பாதே என்று சொன்னதில்லை. வாயை நம்பு என்றும் சொல்லவில்லை. லீவுக்காரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், வடை தின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒரு புது வழக்கம் வைத்துக்கொண்டார். யார் என்ன சொன்னாலும், "அது எப்பிடி கீது, செஞ்சு காட்டுங்க" என்பார். கோயம்புத்தூர் அம்மாள் கால் கடுக்குது என்றால், எங்கே எப்படி என்று நடந்து காட்டச் சொல்வார். தஞ்சாவூர்க்காரர் ஒரு மாதிரி வருது என்றால், அந்த மாதிரி வரும்போது கை எங்கே போகும் என்று கேட்பார். இளைக்கு என்ற அம்மாளை இளைத்துக் காட்டச் சொல்லியிருந்தால், நாலு மூச்சு வாங்கிக் காட்டியிருப்பார். முதல் நாளே முடிந்திருக்கும். உள்ளே இருப்பது வெளியே வந்திருக்கும். உங்கள் மூன்று நாள் வகுப்பில் இது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் மறுபடி படியுங்கள். இல்லாவிட்டால் எழுதிக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து ஜெபமணி மாத்திரை வாங்க டிஸ்பென்சரிக்கு வந்தார். நான் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீரெல்லாம் வடிந்து பாதியாகியிருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. செருப்பு காலில் தொளதொளவென்று அடித்தது. எங்களிடம் அத்தனை வாரம் அவர் சொன்னதாக நாங்கள் நினைத்துக்கொண்ட வியாதி அன்றைக்குத்தான் அவருக்கு வந்திருந்தது.

கம்பவுண்டர் மாத்திரையை எடுத்துக்கொண்டு திரும்பினார். பார்த்தார். வாய் பழக்கம், என்ன செய்வது.

"இன்னாமா, இப்பிடி எளைச்சிட்டீங்களே."

ஜெபமணி இரண்டாவது மாடியிலிருந்து இறங்கி, டிஸ்பென்சரி வரைக்கும் வெயிலில் நடந்து வந்திருந்தார். ஒரே மூச்சில் சொன்னார்.

"இல்லையே அண்ணாச்சி, இப்பம்லாம் எனக்கு எளைக்கவே இல்ல, படுத்தாலும் இல்ல, மாடி ஏறினாலும் இல்ல."

கம்பவுண்டர் எடை மிஷினைக் காட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.